லாக்டவுன் மோடை எப்போதும் போட்டே வைப்பதா, தேவைப்படும்போது மட்டும் போடுவதா?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். திருநெல்வேலியில் வழக்கறிஞராக இருக்கிறேன். காவல் மரண வழக்கு ஒன்றில் சீனியருக்கு உதவியாக வேலை பார்க்கிறேன். சாட்சிகளின் பெயர்கள், அவர்கள் அனுப்பிய படங்கள், குரல் பதிவுகள் எல்லாம் என் ஐபோனில்தான் இருக்கின்றன. போனில் லாக்டவுன் மோட், அதாவது வேவு மென்பொருள் நுழையாதபடி பல வசதிகளை அடைத்துவிடும் பாதுகாப்பு நிலையை, போட்டுவிடச் சொல்லி சீனியர் சொன்னார். போட்டேன். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கீழே போனால் லாக்டவுன் மோட். போன் ஒருமுறை அணைந்து எழுந்தது, அவ்வளவுதான்.

தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. டொரன்டோவில் இருக்கும் அக்கா ஃபேஸ்டைமில் கூப்பிட்டால் எனக்கு வருவதே இல்லை. அம்மா என் போனில்தான் அவளோடு பேசுவார். தினமும் பார்க்கும் ஒரு அரசு இணையதளத்தில் மெனு பொத்தான்கள் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன. பழைய தமிழ்க் கட்டுரைத் தளம் ஒன்று ஒட்டுமொத்தமாக ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. நான் ஆலோசகராக இருக்கும் ஒரு நிறுவனம் மின்னஞ்சலுக்காக ஒரு புரொஃபைல் (போனின் செட்டிங்ஸை அமைக்கும் கோப்பு) அனுப்பியது, அதை ஏற்றவே முடியவில்லை.

சீனியரிடம் சொன்னால் "பொறுத்துக்கொள்" என்கிறார். வீட்டில் "அதை அணைத்துத் தொலை" என்கிறார்கள். என் கேள்வி இதுதான்: வழக்கு வேலை நடக்கும்போது போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அணைத்துவிட்டால் பாதுகாப்பு பாதியாவது மிஞ்சுமா? இல்லை, அப்படிச் செய்வது போடாமலே இருப்பதற்குச் சமமா?

தறிக்காரன் எழுதியது:

தோழர், மனதில் பட்டதைச் சொல்கிறேன். இது நாட்டையே உலுக்கும் ஆட்களுக்காகச் செய்தது. பெரும்பாலானவர்கள் இப்படிப்பட்ட தாக்குதலுக்கு ஒருபோதும் ஆளாக மாட்டார்கள் என்று லாக்டவுன் மோட் பற்றிய பக்கத்தில் ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. கோடிக்கணக்கில் செலவு செய்து வேவு மென்பொருள் வாங்குகிறவன் மாவட்ட நீதிமன்ற ஜூனியரின் போனுக்கா வரப் போகிறான்? அக்காவோடு அம்மா பேச முடியவில்லை என்பது இன்றைக்கு நடக்கும் இழப்பு. வராத தாக்குதலுக்காக அதை ஏன் தாங்க வேண்டும்? நல்ல ஆறு இலக்க பாஸ்கோடு, சரியான நேரத்தில் அப்டேட், தெரியாத லிங்கைத் தொடாமல் இருப்பது, இது போதும் என்பது என் கருத்து.

பிச்சிப்பூ எழுதியது:

தறிக்காரன் அண்ணா, மற்றவர்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். பொருநைக்கரைக்குப் பொருந்தாது. நான் நிருபர். இந்த வகைத் தாக்குதல் யாரைத் தேடி வரும் என்பதை ஓரளவு நெருங்கிப் பார்த்திருக்கிறேன்.

2021 ஜூலையில், பெகாசஸ் என்ற வேவு மென்பொருளால் குறிவைக்கப்பட்டிருக்கலாம் என்ற ஆட்களின் பட்டியல் வெளியானபோது அதில் அமைச்சர்கள் மட்டுமா இருந்தார்கள்? பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள், வழக்கறிஞர்கள் எல்லாரும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் ஒரு குழு போட்டது. அந்தக் குழு 29 போன்களைச் சோதித்து, 5 போன்களில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. 2022 ஆகஸ்டில் வெளியான விவரம் இது. 2023 அக்டோபர் கடைசியில் எதிர்க்கட்சித் தலைவர்களுக்கும் சில பத்திரிகையாளர்களுக்கும் ஆப்பிளிடமிருந்து எச்சரிக்கை வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த எச்சரிக்கையோடு ஆப்பிள் சொல்லும் முதல் ஆலோசனைகளில் ஒன்று லாக்டவுன் மோடைப் போடச் சொல்வது.

காவல் மரண வழக்கில் சாட்சியின் பெயர் யார் கையில் இருக்கிறதோ, அவர் சின்ன ஆள் இல்லை. போனைத் திறக்க நினைப்பவனுக்கு உங்கள் பதவி ஒரு பொருட்டே இல்லை, உங்கள் போனில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பான்.

கம்பிவடம் எழுதியது:

பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கிறேன், கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எதை எதற்காக அடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக்கூடாது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

2021இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடமான சிட்டிசன் லேப் ஒரு தாக்குதலைக் கண்டுபிடித்தது. ஃபோர்ஸ்டுஎன்ட்ரி என்று பெயர் வைத்தார்கள். ஐமெசேஜில் ஒரு கோப்பு வரும். பெயரைப் பார்த்தால் ஜிஃப் படம், உள்ளே இருப்பது பிடிஎஃப். அதைப் பிரித்துப் படிக்கும் பழைய நிரல் பகுதி ஒன்றில் ஓட்டை. பயனர் எதையும் தொட வேண்டாம், செய்தி வந்து சேர்ந்தாலே போதும். "தெரியாத லிங்கைத் தொடாதே" என்கிற அறிவுரை இந்த இடத்தில் உதவாது, ஏனென்றால் தொடுவதற்கு அங்கே எதுவுமே இல்லை.

2022 செப்டம்பரில் ஐஓஎஸ் 16உடன் லாக்டவுன் மோட் வந்தது. இந்த வகை நுழைவாயில்களை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் அதன் வேலை. மெசேஜஸ் செயலியில் சில வகைப் படம், வீடியோ, ஒலி தவிர மற்ற இணைப்புகள் வராது, லிங்க் முன்னோட்டம் காட்டாது. இணையப் பக்கங்களில் ஜாவாஸ்கிரிப்டை வேகமாக ஓட்டும் ஜேஐடி கம்பைலர் அணைந்துவிடும். வெளியிலிருந்து வரும் எழுத்துருக்கள் ஏறாது. பாதுகாப்பில்லாத வைஃபையில் தானாகப் போய்ச் சேராது. போன் பூட்டியிருக்கும்போது கேபிளில் கணினியோடு பேசாது. ஐஓஎஸ் 17இலிருந்து 2ஜியும் அணையும். அவசர எஸ்ஓஎஸ்ஸுக்குப் பாதிப்பில்லை, 2ஜி மட்டும் கிடைக்கும் இடம் தவிர மற்ற இடங்களில் சாதாரண அழைப்பு, எஸ்எம்எஸ்ஸுக்கும் பாதிப்பில்லை.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. 2023 ஏப்ரலில் சிட்டிசன் லேப் வெளியிட்ட அறிக்கையில், பெகாசஸைச் செய்த என்எஸ்ஓ நிறுவனத்தின் தாக்குதல் ஒன்று முயன்றபோது லாக்டவுன் மோட் போட்டிருந்தவர்களின் திரையில் கொஞ்ச காலம் எச்சரிக்கையே வந்தது என்று இருக்கிறது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்பதைப் போனே காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிளாஸ்ட்பாஸ் என்ற தாக்குதல் வெளியானது. அதையும் இந்த மோட் தடுக்கும் என்று ஆப்பிளின் பாதுகாப்புக் குழு உறுதிப்படுத்தியதாகச் சிட்டிசன் லேப் எழுதியது.

இனி உங்கள் கேள்வி. மாலையில் அணைத்துக் காலையில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. இந்தத் தாக்குதல் அலுவலக நேரம் பார்த்து வராது. ராத்திரி அணைந்திருக்கும்போது ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், காலையில் நீங்கள் போடும் மோட் அதை வெளியேற்றாது. இது ஆன்டிவைரஸ் இல்லை. ஏற்கெனவே கைப்பற்றப்பட்ட போனில் லாக்டவுன் மோட் போட்டது மாதிரியே திரையில் காட்டி ஏமாற்ற முடியும் என்று ஜாம்ஃப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023 டிசம்பரில் செய்தே காட்டினார்கள். ஆகவே போட்டே வையுங்கள். தேவையான இடத்தில் மட்டும் விலக்குக் கொடுங்கள். அந்த வசதி உள்ளேயே இருக்கிறது, பலர் தெரியாமல் மொத்தத்தையும் அணைத்துவிடுகிறார்கள்.

அந்த அரசுத் தளத்துக்கு: சஃபாரியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முகவரிப் பட்டையில் இருக்கும் மெனுவைத் தட்டி, வெப்சைட் செட்டிங்ஸ் போனால், அந்தத் தளத்துக்கு மட்டும் லாக்டவுன் மோடை அணைக்கலாம். மற்ற எல்லாத் தளத்துக்கும் அப்படியே நிற்கும். ஏதாவது செயலிக்குள் திறக்கும் பக்கம் சரியாக வரவில்லை என்றால், லாக்டவுன் மோட் பக்கத்திலேயே 'கான்ஃபிகர் வெப் பிரவுசிங்' என்று ஒன்று இருக்கும். அங்கே அந்தச் செயலியை மட்டும் விலக்கலாம். மோட் போட்ட பிறகு நீங்கள் திறந்து, அதனால் பாதிக்கப்பட்ட செயலிகள் மட்டும்தான் அந்தப் பட்டியலில் வரும். காணவில்லை என்று பதற வேண்டாம், ஒருமுறை திறந்துவிட்டுப் பாருங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

கம்பிவடம் சார், மிக்க நன்றி. அந்தப் பழைய கட்டுரைத் தளம் ஏன் ஆங்கிலக் குப்பையாகிறது? மற்ற தமிழ்த் தளங்கள் எல்லாம் நன்றாகத்தானே தெரிகின்றன?

கம்பிவடம் எழுதியது:

அது யூனிகோடுக்கு முந்தைய தளமாக இருக்கும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான், எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தும். தளம் அந்த எழுத்துருவைத் தானே அனுப்பிவைக்கும். லாக்டவுன் மோட் அதை ஏற்றாததால் போர்வை இல்லாமல் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. யூனிகோடு தமிழுக்குப் போனிலேயே எழுத்துரு இருப்பதால் மற்ற தளங்கள் தப்பிக்கின்றன. அரசுத் தளத்தில் மெனு கட்டமாகத் தெரிவதற்கும் இதே காரணம்தான், அந்தப் படக்குறிகளும் எழுத்துருவாகத்தான் வருகின்றன.

ஆனால் இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். அரசுத் தளத்துக்கு விலக்குக் கொடுக்கலாம், தினமும் தேவை. பல ஆண்டுகளாக யாரும் பராமரிக்காத கட்டுரைத் தளத்துக்கு நான் கொடுக்க மாட்டேன். கவனிப்பார் இல்லாத தளத்தில்தான் யாராவது நுழைந்து எதையாவது நட்டுவைப்பது எளிது. அதை வீட்டில் வேறு ஒருவரின் லேப்டாப்பில் படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கார்பரோதமிழ் எழுதியது:

டொரன்டோ என்றதும் வந்தேன். இதே சிக்கல் எங்கள் வீட்டில் நடந்தது. தம்பி கொழும்பில் பத்திரிகை வேலை, லாக்டவுன் மோட் போட்டிருந்தான். நாங்கள் இங்கேயிருந்து ஃபேஸ்டைமில் எடுத்தால் அவன் எடுக்கிறான் இல்லை என்றுதான் எங்களுக்குத் தெரியும். அம்மா பயந்துபோனா. கடைசியில் சாதாரண அழைப்பில் எடுத்துக் கேட்டபோதுதான், ஒரு அழைப்பும் தனக்கு வரவில்லை என்றான்.

தீர்வு மிகச் சுலபம் தங்கச்சி. கடந்த 30 நாட்களுக்குள் நீங்கள் ஒருமுறை அவருக்கு ஃபேஸ்டைமில் அழைத்திருந்தால், அவருடைய அழைப்பு உங்களுக்கு வரும். நீங்கள் கூப்பிடாத ஆளின் அழைப்பைத்தான் அது மறிக்கிறது. ஆகவே வாரத்தில் ஒருநாள் நீங்களே அக்காவுக்கு எடுங்கோ. அம்மாவும் பேசின மாதிரி இருக்கும்.

இன்னொன்று, பகிர்ந்த ஆல்பம். அக்கா பிள்ளைகளின் படத்தை அதில் போடுகிறவர் என்றால் உங்கள் போனில் அது காணாமல் போயிருக்கும். அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், லாக்டவுன் மோட் இல்லாத வேறு ஆப்பிள் கருவியில் பார்க்கலாம். பின்னொரு நாள் மோடை அணைத்தாலும் ஆல்பம் தானாகத் திரும்பி வராது, செட்டிங்ஸில் போய் மறுபடியும் போட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

சேவைமேசை எழுதியது:

அந்தப் புரொஃபைல் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், அலுவலகத்தில் எனக்கு அதுதான் வேலை.

லாக்டவுன் மோட் இருக்கும்போது புதிய கான்ஃபிகரேஷன் புரொஃபைல் ஏறாது. நிறுவன மேலாண்மையில் புதிதாகச் சேரவும் முடியாது. ஏற்கெனவே சேர்ந்திருந்தால் அது தொடரும். எனவே இந்த ஒரு வேலைக்கு மட்டும் மோடை அணைத்துப் போடுவது நியாயமான காரணம்தான். எப்படிச் செய்வது என்றால், புரொஃபைலை அனுப்பியது உண்மையிலேயே அந்த நிறுவனம்தானா என்று முதலில் போன் செய்து கேளுங்கள். மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்குச் செய்யுங்கள். அப்புறம் வீட்டு வைஃபையில் உட்கார்ந்து அணையுங்கள், போன் ரீஸ்டார்ட் ஆகும். புரொஃபைலை ஏற்றுங்கள். உடனே மறுபடியும் போடுங்கள், இன்னொரு ரீஸ்டார்ட். நடுவில் வேறு எந்த வேலையும் பார்க்காதீர்கள்.

ஆனால் ஒரு கேள்வியை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். புரொஃபைல் என்பது வெறும் மின்னஞ்சல் செட்டிங்கா, இல்லை உங்கள் போனை அந்த நிறுவனம் மேலாண்மை செய்வதற்கா? இரண்டாவது என்றால், சாட்சிகளின் படங்கள் இருக்கும் போனில் அதை ஏற்றவே கூடாது என்பேன். நிறுவன மின்னஞ்சலைப் பிரவுசரில் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். எத்தனையோ பேர் ஏற்றிவிட்டு, பிறகு "இதில் என்னவெல்லாம் தெரியும்?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஏற்றும் முன் கேட்பவர் யாருமே இல்லை.

பிச்சிப்பூ எழுதியது:

எல்லோரும் ஐமெசேஜ், ஃபேஸ்டைம் என்று பேசுகிறோம். நம் ஊரில் சாட்சி படம் அனுப்புவது வாட்ஸ்அப்பில். மெசேஜஸ் செயலிக்குப் போடும் இணைப்புத் தடை வாட்ஸ்அப்புக்குள் வரும் கோப்புகளுக்குப் பொருந்தாது. லாக்டவுன் மோட் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் வாட்ஸ்அப்பில் யார் எதை அனுப்பினாலும் இறக்கிக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும்.

2019இல் பெகாசஸ் வாட்ஸ்அப் அழைப்பு வழியாகவே வந்தது. எடுக்காத அழைப்பு கூடப் போதுமாக இருந்தது. ஏறத்தாழ 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள் என்று வாட்ஸ்அப் வழக்குப் போட்டது, இந்தியர்களும் அதில் உண்டு. 2025 ஜனவரியில் பாரகான் என்ற நிறுவனத்தின் மென்பொருளால் பத்திரிகையாளர்கள் உட்பட 90 பேர் அளவுக்குக் குறிவைக்கப்பட்டதாக வாட்ஸ்அப்பே சொன்னது.

ஆகவே பொருநைக்கரை, வாட்ஸ்அப்புக்குள் தனியாகப் போய்ச் சில வேலை செய்யுங்கள். தானாகப் படம், கோப்பு இறங்குவதை நிறுத்துங்கள். தெரியாத எண்களின் அழைப்பை மௌனமாக்கும் வசதியைப் போடுங்கள். அழைப்பில் ஐபி முகவரியை மறைக்கும் வசதியும் அதே பிரைவசி பக்கத்தில் இருக்கிறது. இரட்டைச் சரிபார்ப்புக்கான பின் எண் கட்டாயம் வேண்டும். அப்புறம் பேக்கப். வாட்ஸ்அப் பேக்கப்பை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யாமல் விட்டால், போனுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் அதே உரையாடல் மேகத்தில் (கிளவுடில்) திறந்து கிடக்கும்.

தறிக்காரன் எழுதியது:

முதலில் நான் எழுதியதற்கு நல்ல பதில்கள் வந்திருக்கின்றன. பொருநைக்கரை போட்டே வைப்பதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மாதிரி ஆட்களின் கதையும் இந்த இழையில் வர வேண்டும். பெகாசஸ் எங்கள் வீட்டுக்கு வராது. ஏபிகே, அதாவது செயலியை நேராகப் போனில் ஏற்றும் கோப்பு, வரும்.

அப்பா பவானியில் இருக்கிறார், சாம்சங் போன். அதில் ஆட்டோ பிளாக்கர் இருக்கிறது. பிளே ஸ்டோர், கேலக்ஸி ஸ்டோர் தவிர வேறு எங்கிருந்து வரும் செயலியையும் ஏற விடாது. வாங்கிய அன்றே போட்டுவிட்டேன். போன மாதம் சொந்தக்காரர் ஒருவரின் வாட்ஸ்அப்பிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. பெயர் பார்த்தால் பத்திரிகை, கடைசியில் ஏபிகே. தெரிந்தவர் எண் என்பதால் அப்பா தொட்டார். ஏறவில்லை. அவரும் சும்மா விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் வேறு ஒரு எண்ணிலிருந்து அழைப்பு. "ஐயா, பத்திரிகை திறக்கலையா? செட்டிங்ஸ் போங்க, ஆட்டோ பிளாக்கர்னு இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். பத்திரிகை அனுப்பியவர் வீட்டு ஆள் என்றே பேசியிருக்கிறான். அப்பா பாதி வழி போய்விட்டு, "பையன் போட்டது, அவன்கிட்ட கேட்டுட்டுச் செய்றேன்" என்று வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

சொந்தக்காரரின் வாட்ஸ்அப்பே அவர் கையில் இல்லை என்பது அப்புறம் தெரிந்தது. அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் புகார் செய்தார்.

அப்பாவுக்கு நான் செக்யூரிட்டி பாடம் எதுவும் எடுக்கவில்லை. போன் வாங்கிக் கொடுத்தபோது ஒன்றே ஒன்று சொல்லியிருந்தேன்: "இதை யாராவது அணைக்கச் சொன்னால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள்." ஆட்டோ பிளாக்கர் ஏபிகேயைத் தடுத்தது. அந்த ஆள் பேசிப் பேசி ஆட்டோ பிளாக்கரையே அணைக்க வைக்காமல் தடுத்தது அந்த ஒரு வார்த்தை.

கம்பிவடம் எழுதியது:

தறிக்காரன் சொன்னதை இந்த இழையின் மேலே பின் செய்து வைக்கலாம். போடுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம், அணைக்கிற அந்த நிமிடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. போடும்போது நாம் தனியாக, நிதானமாகச் செய்கிறோம். அணைக்கும்போது பெரும்பாலும் யாரோ அவசரப்படுத்துகிறார்கள். போக்குவரத்து அபராதம் என்று வரும் ஏபிகே, பிஎம் கிசான் என்று வருவது, வங்கி கேஒய்சி என்று வருவது, எல்லாவற்றிலும் ஒரு கட்டத்தில் "பிளே புரொடெக்டை அணையுங்கள்" என்ற வரி, அதாவது தீய செயலிகளைப் பிடிக்கும் கூகுளின் காவலை அணைக்கச் சொல்லும் வரி, வந்துவிடும். அதனால்தான் கூகுள் இப்போது அழைப்பில் இருக்கும்போது பிளே புரொடெக்டை அணைக்க முடியாதபடி செய்திருக்கிறது. ஆண்ட்ராய்ட் 16இல் அழைப்பின் நடுவே பிரவுசர் வழியாக முதன்முதலில் செயலி ஏற்றுவதையும், ஒரு செயலிக்கு அக்சஸிபிலிட்டி அனுமதி (திரையைப் படிக்கவும் இயக்கவும் விடும் அனுமதி) கொடுப்பதையும் தடுக்கிறார்கள்.

புதிய ஆண்ட்ராய்ட் வைத்திருப்பவர்களுக்கு: 2025இல் வந்த ஆண்ட்ராய்ட் 16இல் அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன் என்று ஒரே பொத்தான் வந்திருக்கிறது. வெளிச் செயலிகள் ஏறாது, பிளே புரொடெக்ட் அணையாது, 2ஜி நிற்கும், குரோமில் ஜாவாஸ்கிரிப்ட் வேகமூட்டல் நிற்கும். மூன்று நாள், அதாவது 72 மணி நேரம் பூட்டியே கிடந்தால் போன் தானாக ரீஸ்டார்ட் ஆகும். எனக்குப் பிடித்தது, இதைப் போட்ட பிறகு உள்ளே இருக்கும் பாதுகாப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்ற முடியாது என்பதுதான். கழற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் அணைக்க வேண்டும். அதாவது "இந்த ஒன்றை மட்டும் ஆஃப் பண்ணுங்க" என்று போனில் பேசுகிறவன் சொல்ல வழியில்லை.

கூகுள் கணக்குக்கு 2017இலிருந்தே இதே பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது. அது கணக்கைக் காப்பது, இது கருவியைக் காப்பது. இரண்டையும் தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

மலைக்காற்று எழுதியது:

கொல்லிமலையில் ஆசிரியராக இருக்கிறேன். 2ஜியை அணைப்பதைப் பற்றி யாரும் நிறுத்திப் பேசவில்லை. எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்தைத் தாண்டினால் 4ஜி போய்விடும், சில வளைவுகளில் 2ஜி மட்டும் கிடைக்கும். அதில்தான் வீட்டுக்கு அழைப்பு போகிறது, பெற்றோர் கூப்பிடுவதும் வருகிறது. இந்த மோடைப் போட்டால் அந்த இடங்களில் என் போன் செத்த மாதிரிதானே? பாதுகாப்பு என்ற பெயரில் மலைக்காரர்களின் அழைப்பை வெட்டுவது எந்த நியாயம்?

கம்பிவடம் எழுதியது:

உங்கள் கோபம் நியாயமானது. 2ஜியை அணைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2ஜியில் கோபுரம் உண்மையான கோபுரம்தானா என்று போனால் சரிபார்க்க முடியாது, அதன் மறையாக்கமும் பலவீனம். போலிக் கோபுரம் வைத்துப் போனை 2ஜிக்கு இழுத்து எஸ்எம்எஸ் அனுப்பும் மோசடிகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அவசர அழைப்பு மட்டும் 2ஜியிலும் போகும், அதைத் தடுப்பதில்லை. சாதாரண அழைப்பு போகாது, நீங்கள் சொல்வது சரி.

உங்கள் ஊருக்கு நான் ஐபோன் லாக்டவுன் மோடையும் சொல்ல மாட்டேன், ஆண்ட்ராய்ட் அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷனையும் சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டாக இருந்தால் பிளே புரொடெக்ட், திருட்டுக் கண்டறிதல் பூட்டு, வெளிச் செயலி அனுமதி மறுப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்ட் 12இலிருந்து பல போன்களில் சிம் செட்டிங்ஸில் 2ஜிக்கு மட்டும் தனிச் சுவிட்ச் இருக்கிறது. மலையில் அதைத் திறந்து வையுங்கள், நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்கும்போது மூடிக்கொள்ளலாம். இந்த ஒரு விஷயத்தில் இடம் பார்த்துப் போட்டு அணைப்பதுதான் சரி.

சேவைமேசை எழுதியது:

இடம் பார்த்து என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. ஐபோனில் ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன் என்று 2024 ஜனவரியில், ஐஓஎஸ் 17.3இல் வந்தது. பேருந்தில் யாரோ நம் பாஸ்கோடை எட்டிப் பார்த்துவிட்டுப் போனைப் பறித்தால், அந்தப் பாஸ்கோடை வைத்தே ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிடுவான். அதைத் தடுக்கத்தான் இது. பழக்கமான இடத்துக்கு வெளியே முக்கியமான மாற்றங்களுக்கு முகமோ விரலோ கட்டாயம், பாஸ்கோடு செல்லாது. கடவுச்சொல் மாற்றுவது, தொலைந்த போனைத் தேடித் தரும் ஃபைண்ட் மையை அணைப்பது போன்றவற்றுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் முகம் காட்ட வேண்டும்.

இதை எல்லோரும் போட வேண்டும், வேவு அச்சம் இல்லாதவர்களும். ஆனால் பழைய போனை விற்கப் போகிறவர்கள் கவனியுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டு ஃபைண்ட் மையை அணைக்கப் பார்த்தால், ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். கடைக்காரர் சந்தேகமாகப் பார்ப்பார், நீங்கள் பதறுவீர்கள். வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். வேறு ஊருக்கு மாறியவர்களுக்கும் இதே கதைதான், புது வீட்டைப் போன் பழக்கமான இடமாக ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆகும்.

விண்டோஸ் 11 பற்றியும் ஒரு வரி. நம்பகமில்லாத செயலிகளை ஓட விடாமல் தடுக்கும் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோலை அவசரத்தில் அணைத்துவிட்டு, திரும்பப் போட முடியாமல் விண்டோஸையே புதிதாக ஏற்ற வேண்டியிருந்தவர்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். அணைக்கும் முன் அங்கே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பிச்சிப்பூ எழுதியது:

கம்பிவடம் அண்ணாவிடம் ஒரு சந்தேகம். நாம் லாக்டவுன் மோட் போட்டிருக்கிறோம் என்பதை இணையதளங்கள் கண்டுபிடிக்க முடியும் என்று படித்தேன். எழுத்துரு ஏறவில்லை என்பதைத் தளத்தால் பார்க்க முடியும், இல்லையா? அப்படியானால் "இந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது" என்று நாமே அறிவிப்பது போல ஆகாதா?

கம்பிவடம் எழுதியது:

கண்டுபிடிக்கலாம், உண்மைதான். வந்த புதிதிலேயே இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் எடை போட்டுப் பாருங்கள். உங்களைக் குறிவைப்பவனுக்கு நீங்கள் நிருபர் என்பது முன்பே தெரியும், அவனுக்கு இது புதுச் செய்தி இல்லை. போடாமல் இருந்தால் கதவு திறந்திருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். இதற்கு நல்ல மருந்து, ஆபத்தில்லாதவர்களும் நிறையப் பேர் போடுவதுதான். தறிக்காரன் வீட்டில் ஐபோன் இருந்தால் அவரையும் போடச் சொல்வேன்.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செய்ததைச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும். மோட் அப்படியே இருக்கிறது. அரசுத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன், கட்டங்கள் போய் மெனு வந்துவிட்டது. அக்காவுக்கு நானே அழைத்தேன், இப்போது அவள் அழைப்பும் வருகிறது. நிறுவனத்திடம் கேட்டபோது அது மேலாண்மைப் புரொஃபைல்தான் என்றார்கள். ஏற்றவில்லை, பிரவுசரில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாட்ஸ்அப்பில் பிச்சிப்பூ சொன்னவற்றைப் போட்டாயிற்று, பேக்கப் மறையாக்கமும் சேர்த்து.

ஒன்று மட்டும் புரியவில்லை. சீனியரின் அறையில் இருக்கும் மேக்கில் என் ஆப்பிள் கணக்கும் போட்டிருக்கிறேன், மெசேஜஸ் அங்கேயும் வரும். போனில் போட்டால் அதிலும் போட்டதாகிவிடுமா? என் கைக்கடிகாரத்தில் தானாக வந்துவிட்டது போலிருக்கிறது.

கம்பிவடம் எழுதியது:

ஐபோனோடு இணைந்த ஆப்பிள் வாட்சுக்கு மட்டும்தான் தானாக வரும். மேக், ஐபேட் ஒவ்வொன்றிலும் தனியாகப் போட வேண்டும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதே பெயரில் இருக்கும், மேக்ஓஎஸ் வென்ச்சுரா அல்லது அதற்கு மேல் வேண்டும். அதுவரை உங்களுக்கு வரும் ஒவ்வொரு ஐமெசேஜும் அந்த மேக்கிலும் எந்தத் தடையும் இல்லாமல் வந்து இறங்கிக்கொண்டிருக்கும். அறையில் மற்ற ஜூனியர்களும் தொடும் கணினி என்றால், மோட் போடுவதை விட முதல் வேலையாக அதில் மெசேஜஸிலிருந்தும் உங்கள் ஆப்பிள் கணக்கிலிருந்தும் வெளியேறுங்கள். சீனியரின் போனிலும் போட்டிருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். வழக்குக் கோப்பு அவரிடமும் இருக்குமே.